கிணற்று நீச்சலும் கோவளத்து அலையும்

திருப்பூரிலிருந்து பல்லடம் போகும் சாலையில் அருள்புரத்தைக் கடக்கும்போது இன்று கண்ணில் படுவது சாயப்பட்டறைகளின் புகைபோக்கிகளும், பனியன் கம்பெனிகளின் தகரக் கூரைகளும், ஷிப்ட் முடிந்து டீக்கடையில் நிற்கும் ஒடிசா, பீகார்ப் பையன்களும்தான். என் சிறுவயதில் இந்தப் பக்கம் சோளக்காடும் பருத்திக்காடும் இருந்தன. தோட்டத்துக்கு ஒரு கிணறு. கல்கட்டு வைத்த சதுரக் கிணறு. ஒரு பக்கம் படி, மேலே மோட்டார் ரூம்.

கோடை லீவு முழுக்கக் கிணற்றடியில்தான் கழியும். புதிதாக நீச்சல் பழகும் பையனின் முதுகில் காய்ந்த சுரைப்புருடையைக் கட்டி, மாமனோ சித்தப்பனோ மேல்படியிலிருந்து தள்ளிவிடுவார். உள்ளே போவான், மூக்கில் தண்ணீர் ஏறும், புருடை அவனை மேலே கொண்டுவந்துவிடும். சில நாளில் புருடையைக் கழற்றிவிடுவார்கள். பத்து வயதாகும் முன்பே மோட்டார் ரூம் மேலிருந்து குதிக்கிற பையன்கள் தோட்டத்துக்குத் தோட்டம் இருந்தார்கள். பெண் பிள்ளைகளும் பாவாடையோடு இறங்குவார்கள், வயதுக்கு வரும் வரைக்கும். பரம்பிக்குளம்–ஆழியாறு வாய்க்காலில் தண்ணீர் விட்டுவிட்டார்கள் என்று தெரிந்தால் சைக்கிளில் பொங்கலூர்ப் பக்கம் போய் அங்கே ஒரு ஆட்டம் போட்டுவிட்டு வருவோம்.

கடல் மட்டும் எங்களுக்கு அந்நியம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கே போனால் இருநூறு கிலோமீட்டருக்குள் பொன்னானிக் கடல் வந்துவிடும். ஆனால் அப்படி யாரும் போனதாக நினைவில்லை. லீவு என்றால் பழனி, திருமூர்த்திமலை, கொடிவேரி. கடலைப் பார்ப்பதென்றால் அது சாமி கும்பிடுவதோடு சேர்ந்து வரும்: ராமேஸ்வரத்தில் திதி கொடுக்க, திருச்செந்தூரில் முடி இறக்க, வேளாங்கண்ணிக்கு டூர் பஸ்ஸில் போக. அங்கேயும் பெண்கள் சேலையைக் கொசுவிப் பிடித்துக்கொண்டு, ஒருவர் கையை ஒருவர் பற்றி வரிசையாக நின்று, கணுக்காலை நனைத்துவிட்டு ஏறிவிடுவார்கள். கிணற்றில் தலைகீழாகக் குதித்த ஆண்களும் கடலில் முழங்காலோடு நின்றுகொள்வார்கள். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலை, கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள், வேளாங்கண்ணிக் கரையில் நின்ற யாத்ரீகர்களை ஆழிப்பேரலை வாரிக்கொண்டு போனது. அதற்குப் பிறகு பல ஆண்டுகள் எங்கள் வீட்டில் கடல் என்ற பேச்சே எடுக்க முடியவில்லை.

இதற்குள் கிணறுகள் போய்விட்டன. 1978இல் வெரோனா என்ற இத்தாலிய வணிகர் வெள்ளை டி-ஷர்ட் தேடித் திருப்பூர் வந்ததிலிருந்து ஏற்றுமதிக் கதை தொடங்குகிறது. அதன் பிறகு வந்த வளர்ச்சியை நான் குறை சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டிலும் அடுப்பு அதில்தான் எரிந்தது. ஆனால் அந்த வளர்ச்சி எதைக் குடித்து வளர்ந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். பருத்தி நூலும் ரியாக்டிவ் சாயமும் தண்ணீருக்குள் ஒன்றையொன்று தள்ளும். அந்தத் தள்ளலைத் தணித்துச் சாயத்தை நூலில் இறக்குவது உப்பு. அடர்ந்த நிறத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 60 முதல் 80 கிராம் வரை உப்புப் போடுவார்கள். கடலில் லிட்டருக்கு 35 கிராம்தான். கடலைவிட ஏறக்குறைய இரண்டு பங்கு உப்பான சாயத்தொட்டித் தண்ணீர், கடலே இல்லாத ஊரில், வருடக்கணக்காக நொய்யல் ஆற்றுக்குள் போனது. பாசனத்துக்கென்று 1992இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் குட்டையானது. கிணற்று நீர் முதலில் சப்பென்றானது, பிறகு கரித்தது, சில கிணறுகளில் நிறமே மாறியது. தென்னை காய்ந்தது. ஆழ்குழாய் போட்டார்கள், மேலும் ஆழமாகப் போட்டார்கள். கிணறுகளைக் குப்பை கொட்டி மூடி, மேலே சைட் பிரித்து விற்றார்கள்.

2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட, 700க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. கழிவு நீரில் ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது என்ற நிபந்தனைக்கு உட்பட்ட பிறகுதான் அவை ஒவ்வொன்றாகத் திறந்தன. அருள்புரத்தில் உள்ள பொதுச் சுத்திகரிப்பு நிலையம் தண்ணீரைப் பிரித்தெடுப்பதோடு, உப்புக் கரைசலையும் மீட்டு மறுபடி சாயத்தொட்டிக்கே அனுப்புகிறது. இந்த வேலையில் எங்கள் ஊர் மற்ற ஊர்களுக்கு வழிகாட்டியது என்பதில் எனக்குப் பெருமைதான். ஆனால் மண்ணுக்குள் இறங்கிய உப்பை எந்த நிலையமும் எடுத்துவிடவில்லை. கிணறுகள் திரும்பி வரவில்லை. அவற்றோடு நீச்சலும் போனது. என் பெரியப்பாவுக்கு நீச்சல் தெரியும், எனக்குத் தெரியும், என் அக்கா மகளுக்குத் தெரியாது. இந்தப் பக்கம் எந்த வீட்டில் கேட்டாலும் கணக்கு ஏறக்குறைய இதுதான்.

இனி, இந்தப் பொங்கல் லீவில் நாங்கள் போன கோவளம். சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் மீனவர் ஊர். எங்களுக்கு அது ஐந்நூறு கிலோமீட்டர். முன்பு அங்கே பையன்களுக்குக் கடல்தான் கிணறு. இலேசான மரத்துண்டுகளைக் கயிற்றால் கட்டிய கட்டுமரத்தில் அப்பன்மார் அலையை வெட்டிக்கொண்டு உள்ளே போவார்கள். திரும்பும்போது நல்ல அலை ஒன்றுக்குக் காத்திருந்து, அதன் மேலேயே கரைக்கு வருவார்கள். கச்சான் காற்றில் கடல் எப்படி இருக்கும், வாடையில் எப்படித் திரும்பும் என்பதெல்லாம் பையன்களுக்கு வளர வளரப் படிந்துவிடும். கிடைத்த மரப்பலகையைத் தூக்கிக்கொண்டு அலையில் சறுக்குவது அவர்களுக்கு விளையாட்டு. உலகம் அதற்குச் சர்ஃபிங் என்று பெயர் வைத்திருப்பதும், போட்டி நடத்துவதும் அவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

அப்படிப் பலகையில் சறுக்கி வளர்ந்தவர்களில் ஒருவர் மூர்த்தி மேகவன். கர்நாடகத்தின் முல்கியில் 2004இல் மந்த்ரா சர்ஃப் கிளப்பைத் தொடங்கிய அமெரிக்கத் துறவி ஜாக் ஹெப்னர் அலையேறுவதை அவர் பார்த்தது பலமுறை சொல்லப்பட்ட கதை. அதன் பிறகு அவர் தன் ஊர்ப் பையன்களுக்குக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். குடிக்கக்கூடாது, புகைக்கக்கூடாது என்பதுதான் பையன்களுக்கு அவர் வைத்த விதி. தொழிலதிபர் அருண் வாசுவும் சேர, கோவ்லாங் பாயின்ட் என்ற பள்ளி உருவானது. 2013 முதல் அங்கே சர்ஃபிங் விழா நடந்தது. கிரிக்கெட் வீரர் ஜான்ட்டி ரோட்ஸ் பலகையோடு வந்து நின்றார். டோக்கியோ ஒலிம்பிக்கில் சர்ஃபிங் முதன்முறையாகச் சேர்ந்தது. 2025 ஆகஸ்டில் ஆசிய சர்ஃபிங் சாம்பியன்ஷிப் மாமல்லபுரத்திலேயே நடந்தது. கேரளக் கோவளத்தில் அலையேறிப் பழகிய ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார். அந்தப் போட்டித் தொடரில் தனிநபர் பதக்கம் பெற்ற முதல் இந்தியர் அவர். மீனவக் குப்பத்துப் பையனிடம் இருந்த அறிவுக்கு முன்பு மீன் விலைதான் கிடைத்தது. இன்று அதே அறிவுக்கு மாணவர்கள் கிடைக்கிறார்கள். நான் பார்த்த மாற்றங்களில் மனதார மகிழ்ந்த ஒன்று இது.

பொங்கல் லீவில் திருப்பூரே காலியாகிவிடும். தென் மாவட்டத்துக்காரர்கள் ஊருக்குப் போவார்கள், கம்பெனி வாசலில் பூட்டுத் தொங்கும். எங்கள் வீட்டிலிருந்து இந்த முறை கோவளம் போனோம். பெரியப்பா, நான், மெர்ச்சண்டைசர் வேலையில் இருக்கும் அக்கா மகள், அவளோடு வேலை பார்க்கும் செக்கிங் செக்‌ஷன் பெண்கள் மூவர். கட்டணம் ஒரு டெய்லரின் இரண்டு மூன்று நாள் சம்பளம் இருக்கும். அந்தப் பெண்கள் சனிக்கிழமைச் சம்பளத்தில் எடுத்து வைத்துச் சேர்த்திருந்தார்கள்.

சொல்லிக்கொடுத்த தம்பி கேட்ட முதல் கேள்வி: "நீச்சல் தெரியுமாண்ணா?"

பெண்கள் நால்வரும் தலையை ஆட்டி இல்லை என்றார்கள். பெரியப்பா முந்திக்கொண்டு, "தெரியுங் தம்பி. கெணத்து நீச்சல்" என்றார்.

"அது போதும் ஐயா. இங்க இடுப்புத் தண்ணிதான்."

போட்டுக்கொள்ள ஒட்டிப் பிடிக்கும் முழுக்கை பனியன் கொடுத்தார்கள். பருத்தி நனைந்தால் கனத்துவிடும், பலகையில் உரசித் தோலை அறுக்கும். அதனால் பாலியெஸ்டரும் ஸ்பான்டெக்ஸும் கலந்த துணி. அக்கா மகள் வாங்கியதும் உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்த்தாள். "ஃபிளாட்லாக் மாமா" என்றாள். மடிப்பு துருத்தாமல் தட்டையாக உட்காரும் தையல், அக்குளில் உரசாது. ஐரோப்பாவின் கடற்கரை லீவுக்காகக் குளிர்காலம் முழுக்க ஒன்றரை ஷிப்ட் பார்த்துச் சம்மர் ஆர்டர் அனுப்பிய கைகள் இவர்களுடையவை. கடற்கரை உடுப்பு ஒன்று தங்கள் உடம்பிலேயே ஏறியது அன்றைக்குத்தான்.

முதலில் மணலில் பாடம். மேலே மெத்தென்ற பூச்சுள்ள நீளப் பலகை. கற்றுக்கொள்கிறவர் மேல் மோதினாலும் அடி படாமல் இருக்கத்தான் அது. குப்புறப் படுக்க வேண்டும், கால்விரல் பலகையின் பின்முனையைத் தொட வேண்டும். கையால் தண்ணீரை வலிக்க வேண்டும். பிறகு இரண்டு உள்ளங்கையையும் விலாவுக்குப் பக்கத்தில் ஊன்றி, ஒரே மூச்சில் எழுந்து, ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னும் வைத்து, முழங்காலை மடக்கி நிற்க வேண்டும். கீழே பார்க்கக்கூடாது, பார்த்த இடத்தில் விழுவோம். பின்காலில் கயிறு கட்டியிருப்பதால் பலகை ஓடிவிடாது. அலைக்கும் உங்களுக்கும் நடுவில் பலகை வரவே கூடாது. வந்தால் அலை அதை உங்கள் மேலேயே அடிக்கும். விழும்போது தலைகீழாகப் பாயாமல் தட்டையாக விழ வேண்டும், எழும்போது இரண்டு கையாலும் தலையை மூடிக்கொள்ள வேண்டும். இழுப்பு நீரோட்டத்தில் மாட்டினால் கரையை நோக்கி முட்டி மோதாமல் கரைக்கு இணையாக நீந்தி வெளியே வர வேண்டும். இந்தக் கடைசிப் பாடத்தை மட்டும் கடலுக்கு லீவில் போகிற ஒவ்வொரு உள்நாட்டுக் குடும்பமும் மனப்பாடம் செய்ய வேண்டும் என்று கை கூப்பிக் கேட்பேன். இந்தச் சாலையோரக் கடற்கரைகளில் உயிர் போகிறவர்களில் எத்தனையோ பேர் எங்களைப் போல வெளியூர்ப் பிள்ளைகள்.

தண்ணீருக்குள் போனதும் கிணற்றுத் தலைமுறைக்கும் ஆழ்குழாய்த் தலைமுறைக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்துவிட்டது. பெரியப்பா விழுந்தார், மூழ்கினார், முகத்தைத் துடைத்துக்கொண்டு பலகையை இழுத்தார். உள்ளே போனவன் மேலே வருவான் என்பது அவர் உடம்பில் ஐம்பது வருடமாக இருக்கிற நம்பிக்கை. "உப்புத் தண்ணி தூக்கிவிடுது கண்ணு, கெணறு இப்படித் தூக்காது" என்று வியந்தார். உண்மைதான், உப்பு நீர் நல்ல நீரைவிட அடர்த்தி கூடியது. பெண்களுக்கோ முதல் அலையில் காதில் தண்ணீர் போனதுமே கண் மிரண்டுவிட்டது. அந்தத் தம்பி அதைப் பார்த்துவிட்டார். பலகையை ஓரமாக நிறுத்திவிட்டு, நாலு பேரையும் கைகோத்து நிற்கச் சொல்லி, அலை வரும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் உட்காரச் சொன்னார். "கத்தாதீங்க அக்கா, வாய மூடிக்கிட்டு உக்காருங்க. அது போயிடும்." அலை தலைக்கு மேலே போனது. எழுந்து நின்றார்கள். மறுபடி உட்கார்ந்தார்கள். எந்த அவசரமும் காட்டாமல் அவர் அதிலேயே நேரத்தைக் கொடுத்தார். எங்கள் மாமன்மார் தள்ளிவிட்டுச் சொல்லிக்கொடுத்ததை அவர் தள்ளாமலேயே சொல்லிக்கொடுத்தார். கற்றுக்கொடுப்பதில் அன்றைக்கும் இன்றைக்கும் இடையே எது மேல் என்று கேட்டால் தயங்காமல் இதைத்தான் சொல்வேன்.

பிறகு நுரை அலையில் பலகை ஏறினார்கள். பின்னாலிருந்து தம்பி சரியான நேரத்தில் தள்ளிவிட்டு "எழுந்திரு!" என்று கத்துவார். அக்கா மகள் ஒரு அலையில் எழுந்து நின்று கரை மணல் தட்டும்வரை வந்தாள். செக்கிங் பெண்களில் ஒருத்தி, தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண், மண்டியிட்டபடியே வந்தாள். அதற்கே மற்ற மூவரும் கரையதிரச் சத்தம் போட்டார்கள். சேலைக் கொசுவத்தைப் பிடித்துக் கணுக்காலோடு நின்ற அவர்களுடைய அம்மாக்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

ஊருக்குத் திரும்பியதும் அக்கா மகள் செய்த முதல் வேலை, நீச்சல் பழக இடம் தேடியது. பொங்கலூர்ப் பக்கம் வாய்க்கால் பாசனத்தில் நல்ல தண்ணீர் நிற்கும் கிணறு ஒன்று உறவில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரியப்பா கூட்டிப் போகிறார். அந்தச் செக்கிங் பெண்களும் வருகிறார்கள்.

அதற்கு நடுவே ஒரு வியாபாரமும் ஆகியிருக்கிறது. கிளம்பும்போது அந்தத் தம்பி, "அக்கா, நீங்க திருப்பூர்தானே, எங்க பசங்களுக்கு ஜெர்சி அடிச்சுத் தருவீங்களா?" என்று கேட்டார். வெயிலிலும் உப்பிலும் கிடந்து ஒரு சீசனிலேயே வெளுத்துவிடுகிறதாம். பெரிய கம்பெனிகள் நூறு பீஸ் ஆர்டரைத் திரும்பியும் பார்க்காது. ஜாப் ஒர்க் எடுக்கும் சின்ன யூனிட் ஒன்றில் அக்கா மகள் பேசி முடித்தாள். எங்களிடம் பருத்திதான் அதிகம் என்பதால் துணி சூரத்திலிருந்து வந்தது. மூன்று சைஸில் சாம்பிள் தைத்து, கடல் தண்ணீரில் நிறம் நிற்கிறதா என்று லேபில் சோதித்து, போன வாரம் கூரியரில் கோவளத்துக்கு அனுப்பினோம். கழுத்துப் பட்டி அரை இன்ச் குறைய வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள், மற்றபடி ஓகே.