தாத்தாவின் கையில் மௌஸ்

மேலே படிப்பதற்கு முன் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். பள்ளியிலோ வீட்டிலோ உள்ள கணிப்பொறியின் முன் அமருங்கள். மௌஸின் பொத்தான்கள் உங்கள் பக்கம் இருக்குமாறு அதைத் திருப்பி வைத்துக்கொள்ளுங்கள். படம் வரையும் நிரலைத் திறந்து உங்கள் பெயரை எழுதுங்கள்.

என்ன ஆயிற்று? கை வலப்பக்கம் போனால் திரையில் அம்புக்குறி இடப்பக்கம் ஓடுகிறது. முன்னே தள்ளினால் கீழே இறங்குகிறது. முதல் எழுத்தை முடிப்பதற்குள்ளேயே கை சலித்துவிடும். அப்போது அருகில் நிற்பவர், "இதுகூடத் தெரியவில்லையா?" என்று கேட்டால் எப்படி இருக்கும்? எழுந்து போய்விடத்தான் தோன்றும்.

முதன்முறையாக மௌஸைத் தொடும் 60 வயதுக்காரரின் நிலையும் ஏறக்குறைய இதுவே. "எனக்கு இதெல்லாம் வராதப்பா" என்று அவர் விலகும்போது, அவருக்கு ஆர்வமில்லை என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். உண்மையில் தடை அவரிடம்தான் இருக்கிறதா? இயற்பியல் துணைகொண்டு சற்றே ஆராய்வோம்.

மௌஸ் என்ன சொல்கிறது?

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் டக்ளஸ் எங்கெல்பார்ட் என்பவரின் எண்ணப்படி, பில் இங்கிலிஷ் என்ற பொறியாளர் 1964-ல் முதல் மௌஸைச் செய்தார். அது ஒரு மரக்கட்டை. அதன் அடியில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு சக்கரங்கள். ஒரு சக்கரம் பக்கவாட்டு அசைவையும் மற்றது முன்பின் அசைவையும் அளந்தன. ஒரு வெக்டரை இரு கூறுகளாகப் பிரிப்பதை வகுப்பில் படிக்கிறீர்கள் அல்லவா? அந்த வேலையைத்தான் அச்சக்கரங்கள் செய்தன. இன்றைய மௌஸில் சக்கரங்களுக்குப் பதில் ஒளியும் ஒரு நுண்ணிய படக்கருவியும் உள்ளன. அது மேசைப் பரப்பை விநாடிக்கு ஆயிரம் தடவைக்கு மேல் படமெடுத்து, அடுத்தடுத்த படங்களை ஒப்பிட்டு அசைவைக் கணக்கிடுகிறது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். மௌஸ் தான் மேசையில் எந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்வதில்லை. எவ்வளவு நகர்ந்தது என்று மட்டுமே சொல்கிறது. அதாவது அது தருவது இடப்பெயர்ச்சியே. ஆகவே மேசையின் விளிம்பு வந்துவிட்டால் மௌஸைத் தூக்கி நடுவில் வைத்து மீண்டும் நகர்த்தலாம். உங்களுக்கு இது கைப்பழக்கம். புதியவரோ விளிம்பில் திகைத்து நின்றுவிடுவார். மேலும், கை நகர்வது கிடைத்தளத்தில். அம்புக்குறி நகர்வது செங்குத்துத் தளத்தில். இந்த உறவை மூளை கற்றுக்கொள்ளச் சிறிது காலம் வேண்டும். திருப்பிப் பிடித்த மௌஸை அரை மணி நேரம் பயன்படுத்திப் பாருங்கள். உங்கள் கையும் மெல்ல மெல்லப் பழகுவதைக் காண்பீர்கள்.

அரை விநாடிச் சிக்கல்

இரட்டைச் சொடுக்கு இன்னொரு தொல்லை. விண்டோஸில் வழக்கமான அமைப்பின்படி, இரண்டு சொடுக்குகளும் 500 மில்லி விநாடிக்குள், அதாவது அரை விநாடிக்குள், விழ வேண்டும். இடையில் மௌஸும் நகர்ந்துவிடக் கூடாது. நடுங்கும் கைக்கு இது எளிதா? இதற்கு இரண்டு வழிகள் உண்டு. கணிப்பொறியின் அமைப்புகளுக்குள் சென்று அந்தக் கால அளவைக் கூட்டலாம். அல்லது ஒருமுறை சொடுக்கிவிட்டு, விசைப்பலகையில் என்டர் விசையை அழுத்தச் சொல்லலாம். கை மாறவில்லை, ஆனால் தடை நீங்கிவிட்டது!

செல்பேசியின் தொடுதிரையிலும் இதே கதைதான். திரைக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத கடத்திகளின் வலைப்பின்னல் ஒன்று உள்ளது. மின்கடத்தியாகிய நம் விரல் அருகே வரும்போது அங்கே மின்தேக்குத்திறன் மாறுகிறது. அந்த மாற்றமே 'தொடுதல்' என உணரப்படுகிறது. மண்வெட்டி பிடித்துக் காய்த்த விரலில் தோல் தடித்தும் உலர்ந்தும் இருப்பதால் மாற்றம் குறைவு. திரை உணராமல் போகலாம். நகநுனியால் தொட்டாலும் அப்படித்தான், ஏனெனில் நகம் மின்னைக் கடத்தாது. விரலின் சதைப்பகுதியால் தொடச் சொல்லுங்கள். திரை கேட்கவில்லையே என்று அவர் அழுத்திப் பிடித்தால் அது வேறொரு கட்டளையாகிவிடும். அந்த அழுத்தக் கால அளவையும் பல செல்பேசிகளில் கூட்டிக்கொள்ளலாம்.

அச்சம் எங்கிருந்து வருகிறது?

"எதையாவது அழுத்திக் கெடுத்துவிட்டால்?" என்ற அச்சம் பலருக்கு உண்டு. கன்ட்ரோல் விசையுடன் இசட் விசையை அழுத்தினால் கடைசியாகச் செய்தது நீங்கிவிடும் அன்றோ? இதை முதல் பாடமாக வையுங்கள். ஒரு பத்தியைத் தட்டெழுதி, அவர் கையாலேயே அழிக்கச் செய்து, பின் அவர் கையாலேயே மீட்கச் செய்யுங்கள். பாதி பயம் அங்கேயே போய்விடும்.

ஆனால் மீட்க முடியாதவையும் உண்டு. அனுப்பிய பணம், பிறரிடம் சொல்லிவிட்ட இரகசிய எண் ஆகியவற்றுக்கு அந்த விசை உதவாது. எங்கே துணிந்து முயலலாம், எங்கே நின்று யோசிக்க வேண்டும் என்ற எல்லைக்கோட்டைக் காட்டுவதே நல்ல ஆசிரியரின் வேலை. இந்த வேற்றுமை தெரியாததால்தான் முன்பின் அறியாதவரிடம் ஏ.டி.எம். அட்டையையும் எண்ணையும் கொடுத்துவிட்டு ஏமாந்து நிற்கிறவர்கள் உண்டு.

சுவரில் ஒரு துவாரம்

1999-ல் இயற்பியலாளர் சுகதா மித்ரா, புது தில்லியின் கல்காஜி பகுதியில் ஒரு சுவரில் துவாரமிட்டு, அக்கம்பக்கத்து ஏழைச் சிறுவர்கள் பயன்படுத்தும்படி கணிப்பொறி ஒன்றைப் பொருத்தினார். கற்பிக்க ஆசிரியர் எவரும் இல்லை. ஆயினும் சிறுவர்கள் தாமாகவே அதை இயக்கக் கற்றனர். அம்புக்குறிக்கு 'ஊசி' என்றும், காத்திருக்கச் சொல்லும் மணற்கடிகாரச் சின்னத்துக்கு 'உடுக்கை' என்றும் தங்கள் மொழியில் பெயரும் வைத்துக்கொண்டனர்!

அப்படியானால் ஆசிரியரே வேண்டாமா? பின்னாளில் இத்தகைய இடங்களைப் பார்வையிட்ட ஆய்வாளர்கள் வேறு சிலவற்றையும் குறித்தனர்: நேரத்தின் பெரும்பகுதி விளையாட்டிலும் படம் வரைவதிலும் கழிந்தது, வலுத்த பையன்கள் முன்னே நிற்க, பெண் குழந்தைகள் பின்தங்கினர். தடையின்றித் தொட்டுப் பார்க்கும் உரிமை இன்றியமையாதது. அது மட்டும் போதாது.

2002-ல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் தொடங்கிய 'அக்ஷயா' திட்டம், குடும்பத்துக்கு ஒருவராவது கணிப்பொறி அறிய வேண்டும் என்ற குறிக்கோளுடன் ஊர்தோறும் நிலையங்களை அமைத்தது. வளைகுடா நாடுகளில் உழைப்போரின் குடும்பங்கள் அம்மாவட்டத்தில் மிகுதி. தொலைவில் உள்ள மகனுடன் பேச வேண்டும் என்னும் தாய்க்கு, கற்பதற்கு வேறு தூண்டுதல் தேவையா?

நீங்கள் செய்யக் கூடியது

தாத்தா செல்பேசியை நீட்டும்போது நீங்கள் வாங்கி, நொடியில் முடித்துத் திருப்பித் தருகிறீர்கள். வேலை முடிந்தது, ஆனால் அவர் கற்கவில்லை. நாளையும் யாரிடமாவது நீட்டத்தான் வேண்டும். அந்த 'யாரோ' எப்போதும் நல்லவராகவே இருப்பார் என்று சொல்ல முடியுமா?

ஆகவே அடுத்த முறை உங்கள் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். வாயால் மட்டும் வழி சொல்லுங்கள். அவருக்கு வேண்டிய ஒரே ஒரு வேலையை, பேரனின் படத்தைப் பார்ப்பதையோ மின்கட்டணம் எவ்வளவு என்று அறிவதையோ, தேர்ந்தெடுங்கள். அவர் திணறினால், "தடை விரலிலா, திரையிலா, அமைப்பிலா, அச்சத்திலா?" என்று ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். சோதனைச்சாலையில் விடை தவறினால் கருவியையும் முறையையும் சரிபார்க்கிறோம் அல்லவா? அதே பொறுமைதான் இங்கும் வேண்டும்.