தலைக்கு மேலே தொங்கும் எண்கள்

டென்பின் பௌலிங்கில் நான்கைந்து எட்டு வைத்துப் பந்தை விட ஒரு வீரருக்கு ஐந்து நொடி போதும். 60 அடி லேனைக் கடந்து அந்தப் பந்து பின்களைச் சேர இன்னும் இரண்டரை நொடி. ஓர் ஆட்டத்தில் அதிகபட்சம் 21 வீச்சுகள்தான் என்பதால், அவர் உண்மையில் ஆடும் நேரம் ஆட்டத்துக்கு மூன்று நிமிடத்தைக்கூடத் தொடாது. ஆனால் ஆறு ஆட்டங்கள் கொண்ட ஒரு போட்டிச் சுற்று இரண்டு மூன்று மணி நேரம் இழுக்கும். ஐந்து பேர் ஒரே ஆட்டத்தைப் பங்குபோட்டு ஆடும் பேக்கர் முறையில் காத்திருப்பு இன்னும் அதிகம். ஃபிரேம் எனப்படும் பத்துப் பகுதிகளில் முதல் ஆளுக்கு 1, 6, கடைசி ஆளுக்கு 5, 10. மற்ற நேரமெல்லாம் நாற்காலிதான். மனஒருமைக்கான பயிற்சிகளோ பெரும்பாலும் பந்தை விடும் அந்த ஐந்து நொடியையே குறிவைக்கின்றன. இந்த ஆட்டத்தில் மனம் சிதறுவது நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது. அதைச் சிதறடிப்பதில் எதிராளியைவிடப் பெரிய பங்கு தலைக்கு மேலே தொங்கும் ஸ்கோர் திரைக்கு இருக்கிறது.

தீவிரம் என்றால் என்ன என்பதிலேயே குழப்பம் தொடங்குகிறது. ‘உயிரைக் கொடுத்து ஆடு’ என்ற அறிவுரை கபடிக்கும் பளுதூக்குதலுக்கும் பொருந்தலாம், நுண்ணிய வேலைக்குப் பொருந்தாது. 1908இல் அமெரிக்க உளவியலாளர்கள் இருவர் சுண்டெலிகளை வைத்து நடத்திய சோதனையில், தூண்டுதலை ஏற்றிக்கொண்டே போனால் கடினமான வேலையைக் கற்பது ஒரு கட்டத்துக்கு மேல் கெட்டுப்போவது தெரிந்தது. பௌலிங் அப்படிப்பட்ட நுண்ணிய வேலை. லேனின் அகலம் 39 பலகைகள். வலக்கை வீரரின் பந்து 1, 3 எண் பின்களுக்கு நடுவே ஏறத்தாழ 6 பாகைக் கோணத்தில் நுழைய வேண்டும். ஆவேசத்தில் கால் வேகம் கூடினால் பந்தும் வேகமெடுக்கும். வேகமெடுத்த பந்து லேனில் எண்ணெய் பூசிய பகுதியில் வழுக்கிக்கொண்டு போய்த் தாமதமாகத் திரும்பும். நுழைய வேண்டிய இடம் ஓரிரு பலகை தவறும். பிடி இறுகினால் கட்டைவிரல் துளையிலிருந்து சரியான கணத்தில் விடுபடாது. ஆகவே மூன்று மணி நேரமும் முறுக்கேறி உட்கார்ந்திருப்பவர் தன் கையைத் தானே கெடுத்துக்கொள்கிறார். முறை வரும்போது மனத்தைக் கூட்டிச் சேர்த்து, வீசுபவர் தாண்டக்கூடாத ஃபவுல் லைனிலிருந்து சுமார் 15 அடியில் இருக்கும் அம்புக்குறிகளில் ஒன்றின் மேல் கண்ணை நிறுத்தி, பந்து போய்ச் சேர்ந்ததும் அத்தனையையும் இறக்கிவைக்கத் தெரிந்தவரே கடைசி ஆட்டத்திலும் முதல் ஆட்டம்போல வீசுகிறார்.

இறக்கிவைக்க விடாமல் பிடித்திழுப்பது ஸ்கோர். ஒரே பந்தில் பத்துப் பின்களும் சாய்ந்து ஸ்ட்ரைக் விழுந்தால் அதன் மதிப்பு அடுத்த இரண்டு வீச்சுகளைப் பொறுத்தது என்பதால் கணக்கு எப்போதும் பாதியில் தொங்குகிறது. முதல் ஒன்பது ஃபிரேம்களிலும் ஸ்ட்ரைக் அடித்துவிட்டு வருகிறார் ஒருவர். இன்னும் மூன்று அடித்தால் 300. பத்தாவது ஃபிரேமின் முதல் பந்தில் ஒரே ஒரு பின் நின்றுவிட்டது. அதை இரண்டாவது பந்தில் வீழ்த்தி ஸ்பேராக எடுத்து, கடைசிப் பந்தில் மறுபடியும் ஸ்ட்ரைக் அடிக்கிறார். கிடைப்பது 279. ஒரு பின் 21 புள்ளிகளைக் கொண்டுபோய்விட்டது. இந்தக் கணக்கைப் பல மையங்களின் திரைகள் அவருக்காக முன்கூட்டியே போட்டு, ‘இனி அதிகபட்சம் இவ்வளவு’ என்று ஒவ்வொரு பந்துக்கும் காட்டிக்கொண்டிருக்கின்றன. வீசாத பந்துகளைப் பற்றிய எண் அது. அதைப் பார்த்துக்கொண்டே நாற்காலியிலிருந்து எழுபவர், கையில் இருக்கும் பந்தை வீசுவதற்கு முன்பே பத்தாவது ஃபிரேமுக்குப் போய்விடுகிறார்.

திரையில் விழும் ஸ்கோர் வீச்சின் தரத்தையாவது சொல்கிறதா என்றால், அதுவும் முழுதாக இல்லை. சரியான ஸ்ட்ரைக்கில் வலக்கை வீரரின் பந்து நேராகத் தொடுவது 1, 3, 5, 9 ஆகிய நான்கு பின்களை மட்டுமே. மற்ற ஆறும் ஒன்றையொன்று தள்ளி விழ வேண்டும். அதனால் அருமையாக நுழைந்த பந்துக்கும் ஓரத்தில் 10ஆம் எண் பின் ஆடாமல் நின்றுவிடுவது உண்டு. இலக்குத் தவறி 1, 2 எண்களுக்கு நடுவே புகுந்த பந்துக்குப் பத்தும் விழுவதும் உண்டு. திரையில் முன்னது 9, பின்னது ஸ்ட்ரைக். திரையை நம்பி அடுத்த வீச்சை மாற்றுகிறவர் நல்ல வீச்சைக் கைவிட்டுக் கெட்ட வீச்சைப் பிடித்துக்கொள்கிறார்.

ஸ்கோர் தெரியாமல் பத்தாவது ஃபிரேமில் எப்படி முடிவெடுப்பது என்று கேட்பவர்கள் உண்டு. கடினமான ஸ்பேருக்குத் துணிவதா, கிடைக்கிற பின்களை எடுத்துக்கொள்வதா என்பதற்கு ஸ்கோர் வேண்டும்தான். அது ஓர் ஆட்டத்தின் இறுதியில் ஓரிரு முறை வரும் தேவை. சில சர்வதேசப் போட்டிகளில் அடுத்த வீச்சுகளில் எத்தனை விழுந்தாலும் ஸ்ட்ரைக்குக்கு உடனே 30 என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். தொங்கும் கணக்கு தீர்ந்தது, எண்ணைப் பார்க்கும் ஆசை தீரவில்லை. காத்திருக்கும்போது எதையுமே பார்க்காதே என்பதும் சரியான யோசனை ஆகாது. ஒவ்வொரு பந்தும் லேனின் எண்ணெயை உறிஞ்சியும் இழுத்துச் சென்றும் பாதையை மாற்றிவிடுகிறது. முதல் ஆட்டத்தில் சரியாக இருந்த கோடு மூன்றாவது ஆட்டத்தில் இருக்காது. அடுத்தவர் வீசிய பந்து எங்கே திரும்பத் தொடங்கியது என்பதைக் கவனிக்க நாற்காலியைவிட நல்ல இடம் இல்லை. மனத்துக்கு ஓய்வும் கொடுத்து உபயோகமும் தருகிற வேலை அது. திரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும் கண்ணுக்கு அது தப்பிவிடுகிறது.

சிறுவர் போட்டிகளில்தான் திரையைப் பார்க்கும் இந்தப் பழக்கம் மிகவும் வருத்துகிறது. 1998 கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டிகளில் இடம்பெற்ற இந்த ஆட்டத்தை மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பள்ளிப் பிள்ளைகள் போட்டியாகவே ஆடுகிறார்கள். தமிழ்நாட்டு வீரர்களும் தேசியப் பட்டங்கள் வென்றிருக்கிறார்கள். வீசி முடித்துத் திரும்பும் பிள்ளையின் கண் முதலில் திரைக்கும், அடுத்து பின்வரிசையில் நிற்கும் பெற்றோரின் முகத்துக்கும் போகிறது. பெற்றோரோ ஸ்கோரைப் படமெடுத்துக் குடும்பக் குழுவுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். பத்து வயதில் படிந்த இந்தப் பழக்கத்தை இருபது வயதில் மூச்சுப்பயிற்சி சொல்லிக்கொடுத்துக் கழற்ற முடியாது. பயிற்சி நேரத்தில் திரையை அணைத்துவிடலாம். சிறுவர் போட்டிகளில் ‘அதிகபட்சம்’ என்ற எண்ணை மட்டுமாவது மறைத்துவிடலாம். வீசிவிட்டு வரும் பிள்ளையிடம் எத்தனை விழுந்தது என்று கேட்பதற்குப் பதில், பந்து எந்த அம்புக்குறிக்கு மேல் போனது என்று பயிற்சியாளரும் பெற்றோரும் கேட்கத் தொடங்கலாம். இதற்கெல்லாம் செலவு எதுவும் இல்லை. அடுத்த பருவத்துப் போட்டியிலிருந்தே செய்யலாம்.