திடீரென்று கரண்ட் போகும் பழைய பிக்கப்: பேட்டரி வாங்கும் முன் ஒரு சோதனை

விதை, மண், மாடு, மூடாக்கு என்று நாம் நிறையப் பேசுகிறோம். விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டுபோகிற வண்டியைப் பற்றிப் பேசுவது குறைவு. தரகர் கையில் கொடுக்காமல் நேரடியாக விற்க வேண்டும் என்பதற்காகவே நம்மில் பலர் பழைய பிக்கப் ஒன்றை வாங்கி ஓட்டிக்கொண்டிருக்கிறோம். குட்டி யானை ஆகட்டும், பெரிய பிக்கப் ஆகட்டும், பத்துப் பதினைந்து வருஷம் ஓடிய வண்டிகள்தான் அதிகம்.

அந்த வண்டியில் விடியற்காலை மூன்று மணிக்கு லைட், ஹாரன், செல்ஃப் எல்லாம் ஒரே நொடியில் போய்விட்டால் என்ன ஆகும்? வெற்றிலையும் கீரையும் வாடும், வாழைத்தார் ஏலத்துக்குப் போய்ச் சேராது. இதைவிடப் பெரிய ஆபத்து, பின்விளக்கு இல்லாமல் இருட்டில் ரோட்டில் நிற்பது. தூத்துக்குடி - திருச்செந்தூர் சாலையில் இரவில் ஓட்டியவர்களுக்கு இது விளங்கும்.

இப்படி நின்ற வண்டியைப் பார்த்தவுடன் எல்லாரும் சொல்வது, "பேட்டரி போயிட்டு." பல ஆயிரம் கொடுத்துப் புதுப் பேட்டரி மாட்டுவார்கள். அதை மாட்டும்போது கிளாம்பைக் கழற்றித் துடைத்து இறுக்குவார்கள், வண்டியும் ஓடும். பேட்டரியால் சரியானதா, துடைத்ததால் சரியானதா என்று யாரும் கேட்பதில்லை. கடலோரத்தில் ஓடுகிற பழைய வண்டிகளில் நான் பார்த்தவரை, மொத்தக் கரண்டும் சட்டென்று போவதற்குப் பெரும்பாலும் இணைப்புகள்தான் காரணம்.

உப்புக் காற்று, வெள்ளம், நம்முடைய டிரம்

காயல்பட்டினத்துக்கு ஒரு பக்கம் கடல். ஆறுமுகநேரிப் பக்கம் உப்பளம். இரண்டுக்கும் நடுவில் ஓடுகிற வண்டி இரும்பை உப்பு தின்னாமல் இருக்காது.

இதோடு 2023 டிசம்பர் வெள்ளம் சேர்ந்தது. 17, 18 தேதிகளில் 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஆத்தூர், ஏரல், ஸ்ரீவைகுண்டம் வரை வயலும் வீடும் மூழ்கின, வண்டிகளும் தண்ணீரில் நின்றன. காய்ந்த பிறகு பல வண்டிகள் ஸ்டார்ட் ஆகிவிட்டன. ஆனால் வயரின் ரப்பர் உறைக்குள் ஏறிய தண்ணீர் அவ்வளவு சீக்கிரம் வெளியே வராது. உள்ளே செம்புக் கம்பி பச்சையாகப் பூத்து, ஒவ்வோர் இழையாக அறும். மாதங்கள், சில வண்டிகளில் வருஷங்கள் கழித்துத்தான் கோளாறு வெளியே தெரியும். வெள்ளத்தில் நின்ற வண்டியை இப்போது செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது காரணம் நம்மைப் போன்ற இயற்கை விவசாயிகளுக்கே உரியது. பஞ்சகவ்யம், அமிர்தக்கரைசல், மீன் அமிலம் எல்லாவற்றையும் டிரம்மில் ஏற்றிக்கொண்டு போகிறோம். மேடு பள்ளத்தில் தளும்பி, தளத்தின் இடுக்கு வழியாகச் சேசிஸில் ஒழுகும். மாட்டுக் கோமியத்தில் உப்புகள் உண்டு. செம்பு லக், இரும்புச் சேசிஸ், நடுவில் உப்புத் தண்ணீர்: இது மூன்றும் சேர்ந்தால் அதுவே சின்ன பேட்டரி மாதிரி வேலை செய்து இரும்பைத் தின்னத் தொடங்கும். பயிருக்கு அமிர்தமாக இருப்பது வண்டியின் எர்த் வயருக்கு எமன்.

கரண்ட் போகும் வழி, திரும்பும் வழி

பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து தடித்த வயர் ஒன்று செல்ஃப் மோட்டாருக்குப் போகிறது. இன்னொன்று மெயின் பியூஸ் வழியாக பியூஸ் பாக்ஸுக்கும் சாவி சுவிட்சுக்கும் போகிறது. அங்கிருந்து பல்பு, ஹாரன் என்று பிரிகிறது. இது போகும் வழி.

திரும்பும் வழிக்குத் தனி வயர் கிடையாது. வண்டியின் இரும்பு உடம்பே வயர். அந்த உடம்பையும் பேட்டரி நெகட்டிவையும் சேர்ப்பது ஒரே ஒரு எர்த் வயர். இஞ்சின் ரப்பர் புஷ் மேல் உட்கார்ந்திருப்பதால் இஞ்சினையும் சேசிஸையும் சேர்க்க இன்னொரு பின்னல் பட்டை இருக்கும். நெகட்டிவ் எர்த் ஒரு போல்ட்டில் துருவேறினால் போதும், வண்டியே செத்த மாதிரி ஆகிவிடும். இஞ்சின் பட்டை அறுந்தால், செல்ஃப் அடிக்கும்போது கரண்ட் ஆக்சிலேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள் வழியாகத் திரும்பப் பார்க்கும். கேபிள் சுட்டால் பட்டையைப் பாருங்கள்.

எப்படிப் போனது?

ஸ்பேனரை எடுக்கும் முன் இதை யோசியுங்கள். பாதி விடை இங்கேயே கிடைக்கும்.

எல்லாமே ஒரே நொடியில் போய், தட்டினாலோ ஆட்டினாலோ திரும்ப வந்தால்: பேட்டரி கிளாம்ப், எர்த் வயர், மெயின் பியூஸ் இணைப்பு. இந்த மூன்றில் ஒன்று.

லைட் கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, கடைசியில் போனால்: சார்ஜ் ஏறவில்லை. நம் மெக்கானிக்குகள் டைனமோ என்று சொல்கிற ஆல்டர்னேட்டர், அதன் பெல்ட், அதன் வயர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

ஹெட்லைட், ஹாரன் வேலை செய்து, சாவி போட்டால் மீட்டர் விளக்கு மட்டும் வரவில்லை என்றால்: சாவி சுவிட்ச் அல்லது அதன் அடியிலுள்ள கனெக்டர்.

ஏதாவது ஒன்று மட்டும் போனால்: அதற்குரிய பியூஸ்.

உள் விளக்கைப் போட்டுவிட்டுச் செல்ஃப் அடித்துப் பார்ப்பதும் நல்ல சோதனை. விளக்கு மெல்ல மங்கினால் பேட்டரியில் சார்ஜ் குறைவு. சட்டென்று முழுதாக அணைந்தால் எங்கோ இணைப்பு விடுகிறது. விளக்கு மங்காமல் எரிந்து, செல்ஃப் மட்டும் சுற்றவில்லை என்றால் செல்ஃப் மோட்டார் பக்கம் பாருங்கள்.

மீட்டர் காட்டும் 12 வோல்ட்டை நம்பலாமா?

சில நூறு ரூபாய்க்கு மல்டிமீட்டர் கிடைக்கிறது. வண்டி ஓடாமல் சில மணி நேரம் நின்றபின் 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரி முழு சார்ஜில் இருக்கிறது. 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே என்றால் ஏறக்குறையக் காலி. நன்றாகச் சார்ஜ் ஏற்றிய பிறகும் 10.5 பக்கத்தில் நின்றால் ஒரு செல் போயிருக்கும். இஞ்சின் ஓடும்போது 13.8-லிருந்து 14.4 வரை இருந்தால் ஆல்டர்னேட்டர் சரி.

ஆனால் சும்மா நிற்கிற வண்டியில் துருப்பிடித்த இணைப்பும் முழு வோல்ட்டைக் காட்டும். ஏன் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எர்த் போல்ட்டில் 0.05 ஓம் தடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஹெட்லைட் இரண்டும் சேர்ந்து இழுப்பது சுமார் 10 ஆம்பியர். அதில் இழப்பு அரை வோல்ட்தான், லைட் நன்றாகவே எரியும். செல்ஃப் கேட்பது 200 ஆம்பியர். 200-ஐ 0.05-ஆல் பெருக்கினால் 10 வோல்ட். அவ்வளவும் அந்த ஒரு போல்ட்டிலேயே போய்விட்டால் செல்ஃப் எப்படிச் சுற்றும்? "லைட் எரியுது, செல்ஃப் எடுக்கல" என்பதன் கணக்கு இதுதான்.

அதனால் லோடு கொடுத்துக்கொண்டே அளக்க வேண்டும். கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்துவிட்டு, ஒருவர் செல்ஃப் அடிக்க, இன்னொருவர் அளக்கட்டும்.

1. பேட்டரியின் இரண்டு ஈய முனைகளிலும் மீட்டரை வையுங்கள். கிளாம்பில் வைக்கக் கூடாது, ஈயத்திலேயே வைக்க வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது 10 வோல்ட்டுக்கு வெகு கீழே, ஐந்து ஆறு என்று விழுந்தால் பேட்டரி காலி அல்லது பழுது. 12 பக்கத்திலேயே நின்று, செல்ஃப் சுற்றவில்லை என்றால் பேட்டரி மேல் குற்றமில்லை.

2. நெகட்டிவ் ஈய முனையில் ஒன்று, இஞ்சின் பிளாக்கின் வெறும் இரும்பில் ஒன்று. செல்ஃப் அடிக்கும்போது அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் எர்த் கோளாறு.

3. பாசிட்டிவ் ஈய முனையில் ஒன்று, செல்ஃப் மோட்டாரின் தடித்த வயர் போல்ட்டில் ஒன்று. இதுவும் அரை வோல்ட்டுக்குள் வேண்டும்.

4. ஈய முனைக்கும் அதைப் பிடித்திருக்கும் கிளாம்புக்கும் நடுவில். ஏறக்குறைய பூஜ்யம் வர வேண்டும்.

வங்கியில் சாயங்காலம் கணக்கு நேராகவில்லை என்றால் மொத்தத்தையே திரும்பத் திரும்பக் கூட்டிக்கொண்டிருக்க மாட்டோம். ஒவ்வொரு கவுன்டராகப் பிரித்துப் பார்த்தால் வித்தியாசம் ஓரிடத்தில் மாட்டும். வோல்ட்டும் அப்படித்தான்.

மீட்டர் இல்லையா? 21 வாட் இண்டிகேட்டர் பல்பில் இரண்டு வயர் கட்டி வைத்துக்கொள்ளுங்கள். பாசிட்டிவ் ஈயத்தில் ஒரு வயர், சேசிஸில் இன்னொன்று. பல்பு பளிச்சென்று எரியாமல் மினுங்கினால் எர்த் சரியில்லை.

எர்த் போல்ட்டில் நின்ற வண்டி

சென்ற ஐப்பசியில் எங்கள் வண்டி வாழைத்தார் ஏற்றிக்கொண்டு ஆறுமுகநேரி தாண்டும்போது மொத்தமும் போய்விட்டது. சிறிது நேரத்தில் மீட்டர் விளக்கு வந்தது, சாவியைத் திருகினால் அதுவும் அணைந்தது. பேட்டரி முனையில் 12.5 வோல்ட் நின்றது. எலக்ட்ரீஷியன் தம்பி வந்தார். "பேட்டரிய தொடாதீங்க காக்கா. கரண்ட் போற வழி சரியாத்தான் இருக்கு, திரும்பி வார வழிதான் அடைச்சிருக்கு" என்றார்.

ஜம்பர் கேபிள் ஒன்றை எடுத்து பேட்டரி நெகட்டிவையும் இஞ்சின் பிளாக்கையும் நேராகச் சேர்த்தார். சாவியைத் திருகியதும் செல்ஃப் எடுத்தது. பிறகு வண்டிக்குக் கீழே குனிந்து காட்டினார். டிரம் ஒழுகுகிற மூலைக்கு நேர் கீழே எர்த் போல்ட். மேலே பெயின்ட் பார்க்க நன்றாக இருந்தது. கழற்றினால் லக்குக்கு அடியில் இரும்பு பொடியாக உதிர்ந்தது. உப்புத்தாளால் இரும்பு பளபளக்கும்வரை தேய்த்து, புதுச் செம்புப் பட்டை போட்டு, வாஷர் வைத்து இறுக்கினார். ஐந்நூறு ரூபாய்க்குள் வேலை முடிந்தது. அதே பேட்டரிதான் இன்றும் ஓடுகிறது.

ரோட்டில் நின்றால்

முதலில் வண்டியை இடது ஓரம் முழுதாக இறக்குங்கள். டயருக்குக் கல் வையுங்கள். கரண்ட் இல்லாத வண்டியில் அபாய விளக்கும் எரியாது. பேட்டரி தேவையில்லாத சிவப்பு முக்கோணப் பலகையை நன்றாகப் பின்னால் தள்ளி வையுங்கள். ஒரு டார்ச் எப்போதும் வண்டியில் இருக்கட்டும்.

ஓடும்போது பேட்டரி விளக்கு எரிந்தால் "ஊருக்குப் போய்ப் பாத்துக்கலாம்" என்று ஓட்ட வேண்டாம். பல பழைய டீசல் வண்டிகளில் பிரேக்குக்கு உதவும் வேக்குவம் பம்ப் ஆல்டர்னேட்டரின் முதுகிலேயே இருக்கும். பெல்ட் அறுந்தால் சார்ஜோடு பிரேக் உதவியும் போய், பெடல் கல் மாதிரி ஆகிவிடும். அதே பெல்ட்டில் தண்ணீர் பம்பும் இருந்தால் இஞ்சினும் சூடேறும்.

செய்யக் கூடாதவை

பியூஸ் போன இடத்தில் சிகரெட் தாள், கம்பி வைக்காதீர்கள். வைக்கோலும் தென்னை மட்டையும் ஏற்றுகிற வண்டி தீப்பிடிக்க அது போதும். அதே ஆம்பியர் பியூஸ் இரண்டு கையில் இருக்கட்டும்.

இஞ்சின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றி ஆல்டர்னேட்டரைச் சோதிக்கிற பழக்கம் சில பட்டறைகளில் உண்டு. அந்த நேரம் வோல்ட் எகிறி ஆல்டர்னேட்டரின் டயோடும் பல்புகளும் போகலாம். விடாதீர்கள்.

பேட்டரி வயரைக் கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும், பக்கத்தில் பீடி, தீக்குச்சி கூடாது.

புரட்டாசியில் ஒரு மணி நேரம்

வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒரு நாள் ஒதுக்குங்கள். கிளாம்பில் பூத்திருக்கும் வெள்ளை, பச்சைத் தூளைச் சமையல் சோடா கரைத்த வெந்நீரால் கழுவுங்கள், செல்லுக்குள் போகாமல் மூடிகளை இறுக்கிவிட்டு. உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, அதற்குப் பிறகு வாசலின் பூசுங்கள். எர்த் போல்ட்டுகளையும் இதே மாதிரி கழற்றித் தேயுங்கள். மெயின் பியூஸ் சில வண்டிகளில் வயர் வடிவிலேயே இருக்கும். அதை மெல்ல இழுத்துப் பாருங்கள். ரப்பர் போல நீண்டால் உள்ளே கம்பி உருகியிருக்கிறது. எலி கடித்த வயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். டிரம்முக்கு அடியில் ஒரு தட்டு வையுங்கள், கரைசல் ஏற்றிய நாளில் தளத்தையும் சேசிஸையும் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். அடியில் கையோடு வாளித் தண்ணீர் போதும், வயர் கனெக்டர் மேல் பீய்ச்ச வேண்டாம்.

உழவர் குழுக்கள் மாதக் கூட்டத்தில் ஒருமுறை வண்டியைக் கொண்டுவந்து இந்த நான்கு அளவுகளையும் எல்லாரும் பார்க்க எடுத்துக் காட்டலாம். பத்து வண்டிக்கு ஒரு மீட்டர் போதும்.