செஞ்சி ஒன்றியத்தில் முதல் வேலை ஏரி

2025 ஜூலை 11 அன்று பாரிஸில் கூடிய உலகப் பாரம்பரியக் குழு, மராத்தியர்களின் ராணுவ நிலப்பரப்புகள் என்ற தலைப்பில் பன்னிரண்டு கோட்டைகளை யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன. மிச்சம் ஒன்று நம் செஞ்சி. அன்று முதல் செஞ்சியைப் பற்றி யார் வாய் திறந்தாலும் பேச்சு சுற்றுலாவில்தான் போய் நிற்கிறது. தங்கும் விடுதி வேண்டும், ராஜகிரிக்கு ரோப்கார் வேண்டும், வழிகாட்டிகள் வேண்டும் என்கிறார்கள். கேட்பதில் தப்பில்லை. ஆனால் இந்த ஆரவாரத்தில் இன்னொரு கணக்கு மறந்துபோகிறது. விழுப்புரம் மாவட்டத்தின் ஊரக உள்ளாட்சிகளுக்கு 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில் தேர்தல் நடந்தது. அதே மாதம் 22ஆம் தேதி மறைமுகத் தேர்தலில் ஒன்றியக் குழுத் தலைவர்கள் தேர்வானார்கள். அந்தக் குழுக்களின் ஐந்தாண்டு 2026 அக்டோபரோடு முடிகிறது. அடுத்து செஞ்சி ஒன்றியத் தலைவர் நாற்காலிக்கு வருபவர், ஆணோ பெண்ணோ, எந்தக் கட்சியோ, முதலில் கை வைக்க வேண்டியது எதில்? கோட்டையிலா, சாலையிலா, குடிநீரிலா, பள்ளிக்கூடத்திலா? சின்ன ஏரிகளில் என்பது என் பதில். கேட்டவுடன் இது பழைய பாட்டு போலத் தோன்றும். காரணங்களைப் பார்த்த பிறகு அப்படித் தோன்றாது என்று நினைக்கிறேன்.

எது யார் கையில் இருக்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். தேர்தல் நேரத்து வாக்குறுதிகளில் பாதி, கொடுப்பவருக்குச் சம்பந்தமே இல்லாத துறைகளைச் சேர்ந்தவை. கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் உள்ளது. நுழைவுக் கட்டணமும் அங்கேதான் போகிறது. பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது, அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டருக்கு அனுமதி பெற்றே கட்ட வேண்டும் என்கிறது 2010இல் திருத்தப்பட்ட மத்தியச் சட்டம். செஞ்சி நகரமோ தனிப் பேரூராட்சி. கிருஷ்ணகிரி–திண்டிவனம் சாலை தேசிய நெடுஞ்சாலை 77. திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்குப் போக வேண்டிய ரயில் பாதை அறிவிக்கப்பட்டு எத்தனையோ பட்ஜெட்டுகள் கடந்துவிட்டன. ஒன்றியக் குழு தீர்மானம் போட்டால் அது நகர்ந்துவிடாது. ஒன்றியத்தின் கையில் உண்மையில் இருப்பவை ஒன்றியச் சாலைகள், ஒன்றியப் பள்ளிகளின் கட்டடங்கள், பிறகு பலரும் கவனிக்காத ஒரு சொத்து. தமிழ்நாட்டில் நூறு ஏக்கரும் அதற்கு மேலும் ஆயக்கட்டு உள்ள ஏரிகள் நீர்வளத் துறையின் பொறுப்பு. அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. ஆக, ஊருக்கு ஊர் இருக்கும் சின்ன ஏரிக்குச் சட்டப்படி பொறுப்பாளி ஒன்றியம்தான். வேறு யாரையும் கைகாட்ட முடியாது.

இந்த ஏரிகள் இல்லாமல் செஞ்சிப் பக்கத்து விவசாயத்தை நினைத்துப் பார்க்க முடியாது. ஆண்டு முழுக்கத் தண்ணீர் ஓடும் ஆறு இங்கே கிடையாது. செஞ்சி மலைகளில் பிறக்கும் சங்கராபரணி, மழைக்காலத்தில் ஓடி மற்ற மாதங்களில் மணலாகக் கிடக்கும் ஆறு. அதன் குறுக்கே உள்ள வீடூர் அணை 605 மில்லியன் கன அடி கொள்ளளவு கொண்டது. அதனால் பாசனம் பெறும் சுமார் 3,200 ஏக்கரில் ஒரு பகுதி புதுச்சேரிக்குச் சேர்ந்தது. அணை கீழே, செஞ்சி மேலே. மேல்பகுதி விவசாயிக்கு அந்தத் தண்ணீரால் பயனில்லை. ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடுகிறது. அடியில் இருப்பது கெட்டிப் பாறை. வண்டல் பூமியைப் போல அது தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளாது. பாறையின் வெடிப்புகளிலும் மேலே உள்ள சிதைந்த மண்ணடுக்கிலும் இறங்கும் அளவுதான் கிணற்றுக்கு வரும். அப்படி இறங்க நேரம் வேண்டும். மலையிலிருந்து விழுந்தோடும் தண்ணீரைக் கரை கட்டி மறித்து, சில மாதங்கள் நிற்கவைத்து, மிச்சத்தைக் கலங்கல் வழியாக அடுத்த ஊர் ஏரிக்கு அனுப்புவதுதான் அந்த நேரத்தைச் சம்பாதிக்கும் வழி. இதற்கு மாற்றாக இன்னொன்றை இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

"இப்போது யார் ஏரித் தண்ணீரை நம்பி நெல் போடுகிறார்கள்? எல்லோரிடமும் இலவச மின்சாரமும் மோட்டாரும் இருக்கின்றன" என்பது முதல் மறுப்பு. பாதி உண்மைதான். மதகைத் திறந்து நீர்க்கட்டி முறைவைத்துத் தண்ணீர் விட்ட காலம் பல ஊர்களில் போய்விட்டது. ஆனால் மோட்டார் தண்ணீரை உண்டாக்குவதில்லை, இருப்பதை மேலே கொண்டுவருகிறது. ஏரி நிரம்பிய ஆண்டில் ஆயக்கட்டுக் கிணறுகள் கோடை வரை தாங்குவதும், நிரம்பாத ஆண்டில் அதே கிணறுகள் மாசி பங்குனியிலேயே கைவிரிப்பதும் இந்தப் பக்கத்து விவசாயிகளுக்குப் புதிய செய்தி இல்லை. அறுவடைக் காலத்தில் செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு வெளியே நெல் மூட்டைகளோடு வரிசையில் நிற்கும் வண்டிகளைப் பார்ப்பவர்கள், இந்த ஊரின் வரவு செலவு எதை நம்பி நடக்கிறது என்பதைத் தனியாக விசாரிக்க வேண்டியதில்லை. சுற்றுலாப் பயணி வந்தாலும் வராவிட்டாலும் அந்த மூட்டைகள் வந்தாக வேண்டும்.

குடிநீரும் இதே கணக்குதான். 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமங்களில் வீட்டுக்கு வீடு குழாய் வைத்தார்கள். நல்ல காரியம். ஆனால் கூட்டுக் குடிநீர் எட்டாத ஊர்களில் மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுவது ஊராட்சியின் ஆழ்துளைக் கிணறு, அல்லது ஏரிக்குள்ளும் ஏரியோரத்திலும் தோண்டிய கிணறு. வாசலில் குழாய் இருந்தும் கோடையில் காற்று மட்டும் வந்தால், குறையைக் குழாயில் தேடிப் பயனில்லை. குடிநீரை முதல் வாக்குறுதியாகச் சொல்லும் வேட்பாளர்கள் ஏரியைக் கடைசியில் வைப்பது ஏன் என்று புரியவில்லை.

வறட்சியைப் பற்றி மட்டும் பேசினால் வாதம் பாதியில் நிற்கும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது, செஞ்சிக்குக் கிழக்கே உள்ள மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை பதிவானது. பாதி ஆண்டு மழை ஒரு நாளில். சங்கராபரணி பெருக்கெடுத்தது; வீடூர் அணை திறந்துவிடப்பட்டது; மாவட்டம் முழுக்க வயலும் வீடும் மூழ்கின. அந்த அளவு மழையை எந்த ஏரியும் முழுதாக வாங்கிக்கொள்ள முடியாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் தூர்ந்த ஏரி சாதாரண மழையையே தாங்குவதில்லை. கலங்கல் அடைந்திருந்தால் தண்ணீர் கரையின் பலவீனமான இடத்தைத் தேடும். உபரி நீர் போகும் கால்வாய் வயலாகவோ மனையாகவோ மாறியிருந்தால் அது பழைய வழியிலேயே வீட்டுக்குள் வரும். வெள்ளத்துக்கும் வறட்சிக்கும் ஒரே இடத்தில் செலவு செய்ய முடிகிற வாய்ப்பு நிர்வாகத்தில் அடிக்கடி கிடைப்பதில்லை.

பணம் எங்கே என்பது அடுத்த கேள்வி, நியாயமான கேள்வியும்கூட. 2021–26 காலத்துக்கான 15வது நிதிக் குழுவின் மானியம் தமிழ்நாட்டில் கிராம ஊராட்சிக்கு 80, ஒன்றியத்துக்கு 15, மாவட்ட ஊராட்சிக்கு 5 சதவீதம் என்று பிரிக்கப்பட்டது. ஒன்றியத்தின் பங்கு சிறியது. ஆனால் அந்த மானியத்தில் 60 சதவீதம் சுகாதாரத்துக்கும் தண்ணீருக்கும் என்று கட்டப்பட்டிருந்தது. தண்ணீர் என்பதில் குடிநீரோடு மழைநீர் சேகரிப்பும் சேர்த்தி. நூறு நாள் வேலையைக் கொடுத்த 2005ஆம் ஆண்டின் சட்டம் நீர்ப் பாதுகாப்பு வேலைகளைத்தான் பட்டியலின் தலையில் வைத்தது. அதைக் கரையோரம் புல் செதுக்கும் வேலையாகச் சுருக்கியது சட்டமல்ல, அளவெடுத்துத் திட்டமிடாத நிர்வாகம். இன்னொரு வழியும் இருக்கிறது. ஏரி வண்டலை விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் வட்டாட்சியர் அனுமதியோடு இலவசமாக அள்ளிக்கொள்ளலாம் என்று 2024இல் அரசு நடைமுறையை எளிதாக்கியது. ஒழுங்காக மேற்பார்வை செய்தால் தூர்வாரும் செலவில் ஒரு பகுதி இதிலேயே தீர்ந்துவிடும். ஒழுங்காக என்ற சொல்லை அழுத்திச் சொல்ல வேண்டும். வண்டல் என்ற பெயரில் லாரி லாரியாகக் கிராவல் போவதை அறியாதவர்கள் யாரும் இல்லை. மண் எங்கே, எவ்வளவு ஆழம் வரை எடுக்கலாம் என்று ஒன்றியப் பொறியாளர் குறித்துக் கொடுக்க வேண்டும், அந்தக் குறிப்பு ஊர் மக்கள் பார்க்கும்படி பலகையில் இருக்க வேண்டும்.

உண்மையில் கடினமானது பணம் அல்ல, ஆக்கிரமிப்பு. ஏரிக்குள் வேலிக்காத்தான் மண்டிக் கிடந்தால் பொக்லைனை விட்டு அகற்றிவிடலாம். வரத்து வாய்க்காலை மறித்துக் கரும்பு போட்டிருப்பவரை, அதிலும் அவர் தேர்தலில் வேலை பார்த்தவராக இருந்தால், அசைப்பது லேசில்லை. சட்டமும் இங்கே தடுமாறுகிறது. ஏரி ஆக்கிரமிப்பை அகற்ற 2007இல் தமிழ்நாடு கொண்டுவந்த தனிச் சட்டம் பொதுப்பணித் துறையின் ஏரிகளுக்கு மட்டுமே எழுதப்பட்டது. ஒன்றிய ஏரிகளுக்கு 1905ஆம் ஆண்டின் பழைய நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின்படி வருவாய்த் துறையைத்தான் நாட வேண்டும். அதனால்தான் தலைவர் என்ற பதவி இங்கே தேவைப்படுகிறது. தூர்வார எஸ்டிமேட் போட அதிகாரி போதும். நான்கு ஊர்க்காரர்களை உட்காரவைத்து, வருவாய்த் துறையின் புலப்படத்தை விரித்து, மேல் ஊருக்கும் கீழ் ஊருக்கும் பேசி முடிக்க மக்களிடம் ஓட்டு வாங்கிய ஆள் வேண்டும். ஏரிக்குள் வீடு கட்டி வாழும் ஏழைகளுக்கு மாற்று இடம் கொடுக்காமல் இடிக்கக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். முதல் இரண்டு ஆண்டுகள் வாய்க்கால்களை மீட்டால் போதும். வாய்க்கால் அடைந்த ஏரியை எவ்வளவு ஆழமாக வெட்டினாலும் அது வெறும் பள்ளம்.

"சாலை போட்டால் கண்ணுக்குத் தெரியும், ஓட்டு விழும், ஏரிக்கு யார் ஓட்டுப் போடுவார்கள்?" என்று ஒன்றிய கவுன்சிலர்களே கேட்பார்கள். இதற்கு மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். சிமெண்ட் சாலையைவிட ஏரிக்கு உடனடி ஓட்டுக் குறைவுதான். ஆனால் ஐந்தாண்டுப் பதவியில் முதல் இரண்டு ஆண்டுகளில் மீட்ட ஏரி, மறு தேர்தலுக்குள் மூன்று மழைக்காலத்தைப் பார்த்துவிடும். கோட்டையைத்தான் வளர்க்க வேண்டும் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1690இல் முகலாயர் தொடங்கிய முற்றுகையைச் செஞ்சி 1698 வரை தாங்கியது. மதில் உயரம் மட்டும் காரணமில்லை. மலைமேல் நெற்களஞ்சியமும் சுனையும் இருந்தன, அடிவாரத்தில் செட்டிகுளமும் சக்கரகுளமும் இருந்தன. தண்ணீர் நிற்கும் இடமாகப் பார்த்துத்தான் இந்தக் கோட்டையைப் பெருக்கினார்கள். பயணிகள் கூடக் கூட இன்றும் முதலில் கேட்கப்போவது கழிப்பறைக்கும் குடிக்கவும் தண்ணீர்தான்.

காலத்தையும் கவனிக்க வேண்டும். 2016 அக்டோபரில் பழைய உள்ளாட்சிகளின் காலம் முடிந்த பிறகு விழுப்புரத்தில் ஐந்தாண்டுகள் தேர்தலே நடக்கவில்லை; தனி அலுவலர்கள் கோப்பை நகர்த்தினார்கள். தேர்தல் மறுபடி தள்ளிப்போகக் கூடாது என்று கேட்பது மக்களின் உரிமை. அக்டோபரில் பதவியேற்பவர்களுக்கு முதல் வாரமே மழை தொடங்கிவிடும். அந்தப் பருவத்தில் ஏரியில் வேலை செய்ய முடியாது, ஆனால் தண்ணீர் எங்கே தடைபடுகிறது, எந்தக் கலங்கல் வழியவில்லை என்று பார்க்க அதைவிட நல்ல பருவம் இல்லை. தையில் அளவை, மாசியில் தீர்மானம், சித்திரையிலிருந்து ஆடிக்குள் வேலை என்றால்தான் அடுத்த மழைக்கு ஏரி தயாராகும். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாட்கள் கிராம சபை கூடுகிறது. அவற்றில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் தினம். அன்று செஞ்சி ஒன்றியத்து வாக்காளர்கள் தங்கள் ஊர் ஏரியின் பெயர், அதன் ஆயக்கட்டு, அடைபட்ட வரத்து வாய்க்காலின் புல எண் ஆகிய மூன்றையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதவைத்து, ஒரு நகலை ஒன்றிய அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.