பேரீச்சம்பழத்துப் புழுவும் ஒரு வாசனையும்



ரமலான் வந்தால் நாம் தவறாமல் கேட்கும் புகார், பேரீச்சம்பழத்தில் புழு. கடைக்காரர் பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டார் என்று உடனே கோபம் வருகிறது. ஆனால் பல நேரங்களில் அந்தப் புழு மரத்தில் இருக்கும்போதே பழத்துக்குள் போனது. இது புதிய தொல்லையும் அல்ல. நபி (ஸல்) அவர்கள் தமக்கு வந்த பழைய பேரீச்சம்பழத்தைப் பார்த்துப் புழுவை அகற்றியதாக அனஸ் (ரலி) அறிவிக்கும் செய்தி அபூதாவூதில் இருக்கிறது.

துனீசியாவிலும் அல்ஜீரியாவிலும் விளையும் 'டெக்லெத் நூர்' பழம் இங்கும் கிடைக்கிறது. வெளிச்சத்தில் பிடித்தால் கொட்டை நிழலாகத் தெரியும். பெயரிலுள்ள நூர் நமக்குத் தெரிந்த அதே நூர்தான். அதன் பெரிய எதிரி கேரோப் அந்துப்பூச்சி. ஈரானில் மாதுளையைக் கெடுப்பதும் இதுவே. பெண் பூச்சி பழத்தில் முட்டையிடும். பொரிந்த புழு உள்ளே நுழைந்துவிட்டால் மேலே அடிக்கும் மருந்து அதைத் தொடாது. பூச்சி எப்போது பறக்கிறது என்று தெரியாத விவசாயி, பயத்தில் திரும்பத் திரும்ப மருந்து அடிப்பார். நாமோ அந்தப் பழத்தைத் தோலோடு தின்கிறோம்.

இங்குதான் அந்த வாசனை உதவிக்கு வருகிறது. இணைக்குத் தயாரான பெண் அந்துப்பூச்சி, மனித மூக்குக்கு எட்டாத ஒரு மணத்தைக் காற்றில் விடுகிறது. ஆண் பூச்சி அதை உணர்கொம்பால் அறிந்து, காற்றை எதிர்த்து வளைந்து வளைந்து பறந்து அவளிடம் சேர்கிறது. இதற்குப் ஃபெரமோன் என்று பெயர். முதன்முதலில் பட்டுப்பூச்சியில்தான் இதைப் பிரித்தெடுத்தார்கள். 1959-இல் ஜெர்மனியின் பூட்டெனான்ட் குழுவினர் சுமார் 5 லட்சம் பூச்சிகளிலிருந்து எடுத்தது சில மில்லிகிராம் மட்டுமே. அவ்வளவு சிறிய அளவில் அல்லாஹ் வைத்திருக்கும் ஆற்றலைப் பாருங்கள்! ஒவ்வோர் இனத்துக்கும் தனி மணம் என்பதால், ஓர் இனத்தின் அழைப்புக்குப் பிற இனத்து ஆண்கள் பொதுவாக வருவதில்லை. தேனீக்கும் இதனால் கேடில்லை.

அந்த மணத்தைச் செயற்கையாகச் செய்து, ரப்பர் குப்பியில் ஏற்றி, பசை தடவிய அட்டைக்கூட்டில் தொங்கவிட்டால் இனக்கவர்ச்சிப் பொறி தயார். பலர் இதைப் பூச்சியை ஒழிக்கும் கருவி என்று நினைக்கிறார்கள். அப்படியல்ல. சிக்குவது ஆண் மட்டும். தப்பிய ஓர் ஆண் பல பெண்களோடு சேரும். பொறியின் வேலை எண்ணிக்கை சொல்வது. இந்த வாரம் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்று பார்த்து, மருந்து தேவையா, எப்போது தேவை என்று முடிவு செய்யலாம்.

கட்டுப்படுத்தும் முறை வேறு. தோப்பு முழுவதும் இந்த மணத்தைப் பரப்பிவிட்டால், எங்கும் ஒரே வாசனையாக இருப்பதால் ஆணுக்குப் பெண் இருக்கும் இடம் தெரியாது. இணை சேராத பெண் இடும் முட்டையில் புழு வராது. கேரோப் பூச்சியின் அசல் மணம் காற்றில் சீக்கிரம் சிதைந்துவிடும். ஆகவே அதைப் போன்ற, நிலைத்து நிற்கும் வேறொரு பொருளை உருவாக்கினார்கள். மாலத்தியான் தூள் தூவிவந்த கலிபோர்னியாவின் கோச்செல்லா பேரீச்சந் தோப்புகளில் இதை மெழுகுக் குழம்பில் கலந்து மரங்களில் வைத்து நல்ல பலன் கண்டிருக்கிறார்கள். ஒரு சிக்கல் உண்டு: சிறிய தோப்பில் இது எடுபடாது. பக்கத்துத் தோப்பில் இணை சேர்ந்த பெண் பறந்து வந்து முட்டையிட்டுப் போய்விடும். அக்கம்பக்கத்தார் சேர்ந்து செய்தால்தான் உண்டு.

நம் தென்னந்தோப்புகளில் சிவப்புக் கூன்வண்டுக்குத் தொங்கும் வாளியும் இந்த வகைதான் என்றாலும், அது இனக்கவர்ச்சி மணமல்ல, கூட்டம் சேர்க்கும் மணம். ஆண், பெண் இரண்டுமே வந்து விழும். அதனால் அங்கே பிடிப்பதாலேயே பலன் கிடைக்கிறது.

வீட்டில் செய்ய வேண்டியது சிறிய வேலை. பழத்தைப் பிளந்து பார்த்துவிட்டு வாயில் போடுங்கள், முக்கியமாகச் சிறுபிள்ளைகளுக்குக் கொடுக்கும்போது. அதிகமாக வாங்கினால், மூடிய டப்பாவில் ஒரு வாரம் ஃபிரீசரில் வைத்து எடுங்கள். உள்ளிருக்கும் முட்டையும் புழுவும் செத்துவிடும், அடுத்த பழத்துக்குப் பரவாது.