நேரே போனால் ஏன் காசு ஜாஸ்தி?

போன மாசம் எங்கள் வீட்டில் ஒரு பெரிய பஞ்சாயத்து. லண்டனில் இருக்கும் என் நாத்தனாருக்குப் பிரசவ நேரம். மாமியார்தான் போயாக வேண்டும். வயது 71. சர்க்கரை உண்டு, முழங்கால் வலி உண்டு, இங்கிலீஷ் கிடையாது. துணைக்கு ஆளும் கிடையாது.

சென்னையிலிருந்து நேரே லண்டன் போகும் விமானத்துக்கும், துபாயில் இறங்கி வேறு விமானம் மாறிப் போவதற்கும் 18,000 ரூபாய் வித்தியாசம் என்று என் பையன் கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொன்னான். "துபாய் வழியாவே போகட்டுமே, பதினெட்டாயிரம்னா சும்மாவா?" என்றார் இவர். கேட்டுக் கொண்டிருந்த அத்தை சும்மா இருக்கவில்லை.

"ஏம்ப்பா, எங்கேயும் இறங்காம நேரே போறவனுக்கு எண்ணெய் மிச்சம்தானே? ஊரைச் சுத்திக்கிட்டுப் போறவன்தானே ஜாஸ்தி கேக்கணும்? இது என்ன தலைகீழ் நியாயம்?"

யாருக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. எனக்கோ விடை தெரியாமல் தூக்கம் வராது. டிக்கெட் எடுத்துத் தரும் ஏஜென்ட், விமானக் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அடுத்த தெருக்காரர் என்று ஒருவர் விடாமல் குடைந்து எடுத்து விட்டேன்.

அத்தை சொன்னது செலவுக் கணக்கில் பெரும்பாலும் சரிதானாம். விமானம் தரையை விட்டு மேலே ஏறும் போதுதான் எண்ணெய் மடமடவென்று கரையும். இரண்டு தடவை ஏறி இறங்கினால் அந்தச் செலவும் இரண்டு, விமான நிலையத்துக்குக் கட்டும் கட்டணமும் இரண்டு. ஆனால் டிக்கெட் விலையைச் செலவை மட்டும் வைத்துப் போடுவதில்லை. நாம் எவ்வளவு கொடுக்கத் தயார், போட்டிக்கு எத்தனை பேர் என்று பார்த்துப் போடுகிறார்கள். முகூர்த்த நாளில் மல்லிகைப் பூ விலை ஏறுகிறதே, அன்றைக்கு மட்டும் செடிக்கு ஜாஸ்தி தண்ணீரா ஊற்றினார்கள்?

ஒரு காலத்தில் இப்படி இல்லை. அமெரிக்காவில் உள்நாட்டு விமானக் கட்டணத்தை அரசாங்க வாரியமே தூரத்தைக் கணக்கிட்டு நிர்ணயித்துக் கொண்டிருந்தது. 1978-ல் சட்டம் போட்டு அதை எடுத்து விட்டார்கள். அதன் பிறகு கம்பெனிகள் தங்கள் இஷ்டப்படி விலை வைத்தன. ஒரு பெரிய ஊரை நடுவில் வைத்து, நாலா பக்கத்திலிருந்தும் ஜனங்களை அங்கே கொண்டு வந்து, பிரித்து அனுப்பும் முறையும் மளமளவென்று வளர்ந்தது. துபாய், தோஹா, அபுதாபி எல்லாம் இன்றைக்குச் செய்வது அதைத்தான்.

சென்னையிலிருந்து துபாய் கிளம்பும் விமானத்தைப் பாருங்கள். அதில் இருப்பவர்கள் எல்லாரும் துபாய்க்கா போகிறார்கள்? ஒருவர் லண்டன், ஒருவர் பாரிஸ், ஒருவர் நியூயார்க். இத்தனை ஊர்க்காரர்களை வைத்து ஸீட்டை நிரப்பி விடலாம். லண்டன் போகிறவரைப் பிடிக்க துபாய்க்காரர், தோஹாக்காரர், அபுதாபிக்காரர், கொழும்புக்காரர் எல்லாரும் முட்டி மோதுகிறார்கள். விலை இறங்காமல் என்ன செய்யும்? நேரே போகிறவர்களோ அபூர்வம். அவசரக்காரர், வயசானவர், கைக்குழந்தைக்காரி, கம்பெனிச் செலவில் போகிற அதிகாரி எல்லாரும் தங்களைத் தேடித்தான் வருவார்கள் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

இதில் ஒரு வேடிக்கை. நேரே லண்டன் போகும் அதே விமானத்தில் பக்கத்து ஸீட்காரர் அங்கே இறங்கி நியூயார்க்குக்கு மாறுகிறவராக இருக்கலாம். நமக்கு அது நேர் விமானம், அவருக்கு அது மாறிப் போகிற விமானம். அவரை இழுக்க விலையைக் குறைத்திருப்பார்கள். கடலைத் தாண்டி இன்னும் பல மணி நேரம் பறக்கப் போகிறவர் நம்மை விட அவ்வளவு அதிகமாகக் கொடுத்திருக்க மாட்டார்!

போட்டிதான் காரணம் என்பதற்கு டில்லியே சாட்சி. சென்னையிலிருந்து டில்லிக்கு நேர் விமானங்கள் நிறைய. அங்கே நேரே போவதுதான் பல சமயம் மலிவு. ஹைதராபாத்தில் மாறினால் கூடக் கேட்பார்கள்.

ரொம்ப தூரம் என்றால் கதை வேறு. அவ்வளவு எண்ணெயையும் கிளம்பும் போதே சுமக்க வேண்டும். எண்ணெயைச் சுமக்கவே எண்ணெய் செலவு! சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு 15,000 கிலோமீட்டருக்கு மேல், சுமார் 18 மணி நேரம். 2018-ல் அதற்கென்றே தனி விமானம் விட்டார்கள். அதில் 161 ஸீட்டுதான், சாதாரண வகுப்பே கிடையாது. விலையைக் கேட்க வேண்டுமா?

சரி, காரணம் புரிந்தது. பதினெட்டாயிரத்தைக் கொடுப்பதா வேண்டாமா? இங்கேதான் நானும் இவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம்.

நேரே போனால் பத்து, பதினோரு மணி நேரம். துபாய் வழியாக என்றால் நாலு, பிறகு ஏழு, நடுவில் காத்திருப்பு. குறைந்த விலை டிக்கெட்டில் காத்திருப்பு ஒன்பது மணி நேரம்! இன்னொன்றில் ஒன்றே கால் மணிதான். சக்கர நாற்காலிக்குக் காத்திருந்து, மறுபடியும் சோதனையெல்லாம் முடித்து, அவ்வளவு பெரிய நிலையத்தில் அத்தை போய்ச் சேருவதற்குள் விமானம் பறந்து விடும். இரண்டு, மூன்று டிக்கெட்டைத் தனித் தனியாக வாங்கி ஒட்டுப் போட்டால் இன்னும் மலிவு என்றான் பையன். அந்த வம்பே வேண்டாம். ஒரே டிக்கெட்டாக இருந்தால், முதல் விமானம் தாமதமானாலும் அடுத்ததில் ஏற்றி விடுவது அவர்கள் பொறுப்பு. தனித் தனி என்றால் போனது போனதுதான். பெட்டியையும் நடுவில் நாமே எடுத்துப் போட வேண்டியிருக்கும். அதற்கு வெளியே வர விசா வேறு கேட்பார்கள்.

நேர் விமானம் என்றாலே உடம்புக்கு நல்லது என்றும் நினைத்து விடாதீர்கள். நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் காலில் ரத்தம் கட்டும் அபாயம் இரு மடங்காகும் என்று உலக சுகாதார நிறுவனம் 2007-ல் சொன்னது. ஆறாயிரம் பேரில் ஒருவருக்குத்தான் என்றாலும், வயசானவர்கள், பருமனானவர்கள் ஜாக்கிரதையாக இருப்பது நல்லது. விமானத்துக்குள் காற்று கிட்டத்தட்ட கொடைக்கானல் உயரத்தில் இருப்பது போல மெலிந்து, வறண்டு இருக்கும். அடிக்கடி தண்ணீர் குடிக்க வேண்டும். எழுந்து நடக்க வேண்டும். முழங்கால் மடங்கிப் பிடித்துக் கொள்கிறவர்களுக்கு நடுவில் மூன்று மணி நேரம் இறங்கி நடப்பது உண்மையிலேயே சுகம். சளி, காது வலி உள்ள குழந்தைக்கோ இரண்டு தடவை இறங்குவது இரண்டு தடவை அழுகை.

டிக்கெட் எடுக்கும் போது ஒன்றைக் கவனியுங்கள். "டைரக்ட்" என்று சொன்னால் நேரே போகும் என்று அர்த்தமில்லை. நடுவில் ஓர் ஊரில் இறங்கி, அதே நம்பரோடு கிளம்பினாலும் அது டைரக்ட்தான். "நான்ஸ்டாப்பா?" என்று கேளுங்கள். நாங்கள் இதில் ஏமாற இருந்தோம்.

கடைசியில் எங்களுக்கு முடிவு செய்து கொடுத்தது அத்தையின் மாத்திரை டப்பாதான். லண்டன் நேரம் நமக்கு நாலரை அல்லது ஐந்தரை மணி பின்னால். வேளைக்குச் சாப்பாடு, வேளைக்கு மாத்திரை என்று இருப்பவரை, பாஷை தெரியாத இடத்தில் நடுராத்திரியில் யாரை நம்பி விடுவது? நேர் விமானத்துக்கே பணம் கட்டினோம். டாக்டரிடம் எந்த மாத்திரையை எப்போது என்று தமிழில் எழுதி வாங்கினேன். மருந்து எல்லாம் கைப்பையில். சக்கர நாற்காலிக்கு டிக்கெட் எடுக்கும் போதே சொல்லி வைத்தோம். எழுந்து நடக்க வசதியாக, நடைபாதை ஓர ஸீட்டாகவும் கேட்டு வாங்கினோம்.

போய்ச் சேர்ந்ததும் அத்தை போன் பண்ணினார். "எல்லாம் சௌகரியமாத்தான் இருந்தது. ஆனா ஏம்மா, அவ்வளவு காசு குடுத்தீங்களே, ஒரு ஜன்னல் ஸீட்டு கேக்கக் கூடாதா? பத்து மணி நேரம் பறந்து வந்தும் ஒரு மேகத்தைக் கூடப் பாக்கலை!"