மணி அடித்தால் ஓடி வருவார்கள்... பில் வந்தால்?
911 செலவில் பங்குத் தகராறு!

அமெரிக்காவில் தீப்பிடித்தாலும், திருடன் புகுந்தாலும், நெஞ்சு வலித்தாலும் ஒரே நம்பர்தான்: 911. அலபாமா மாநிலம் ஹேலிவில் என்ற சிற்றூரில் 1968 பிப்ரவரி 16-ந் தேதி முதல் மணி அடித்தது. போலீஸ் நிலையத்தில் போனை எடுத்தவர் ஒரு பாராளுமன்ற உறுப்பினர்!

எடுத்துப் பேசுவது சரி, சம்பளம் யார் கொடுப்பது?

ராப்பகலாக ஷிப்டு போட்டு ஆள் வேண்டும். கம்ப்யூட்டர், வயர்லெஸ் வேண்டும். சின்ன ஊர் தாங்குமா? அதனால் பக்கத்து ஊர்கள் சேர்ந்து ஒரே கண்ட்ரோல் ரூம் வைக்கின்றன. வர்ஜீனியாவில் சார்லட்ஸ்வில் நகரம், சுற்றியுள்ள அல்பமார்ல் கவுண்டி, வர்ஜீனியா பல்கலைக்கழகம் மூன்றுக்கும் 1984 முதல் கூட்டுக் குடித்தனம்தான்.

பங்கு பிரிக்கும்போதுதான் சண்டை. தலைக்கு இவ்வளவு என்றால், அதிகம் போன் பண்ணாத ஊர் முறைக்கும். போனுக்கு இவ்வளவு என்றால், நெடுஞ்சாலையோர ஊர் அலறும். அடிபடுகிறவன் எவனோ, கணக்கு மட்டும் எங்கள் தலையிலா? நியாயம்தானே!

டெலிபோன் பில்லிலேயே 911 கட்டணம் பிடிக்கிறார்கள். அதையும் நியூயார்க், நியூஜெர்சி மாநிலங்கள் வேறு செலவுக்குத் திருப்பியதாக மத்திய தகவல் தொடர்பு ஆணையம் பலமுறை அறிக்கை கொடுத்துவிட்டது.

கோபித்துக்கொண்டு தனி ரூம் வைத்தால்? எல்லையோர வீட்டிலிருந்து செல்போனில் கூப்பிட்டால், டவர் பக்கத்து ஊருடையதாக இருக்கலாம். மணி அங்கே அடிக்கும். விலாசம் கேட்டு, லைனை மாற்றி, மறுபடி விலாசம் கேட்டு... அதற்குள் தீ மாடிக்கு ஏறிவிடும்.